விமான நிலைய வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி விமான நிலையத்தின் வானிலை அறிக்கை இன்று எவருடைய கைப்பேசியிலும் கிடைக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்காகக் காத்திருப்போர், அறுவடை நேரத்தில் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயிகள், வானிலையில் ஆர்வமுள்ள மாணவர்கள் என்று பலரும் அதைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே ஐயங்களையே என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தந்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன். அறிக்கை ஆங்கில எழுத்துகளில் வரும் குறியீட்டு வரி. இங்கே அந்த எழுத்துகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். மாதிரி வரிகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

மெட்டார், மெட்டார்னு சொல்றாங்களே, அது முன்னறிவிப்பா?

இல்லை. மெட்டார் என்பது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் விமான நிலையத்தில் நிலவிய வானிலையின் பதிவு. இனி என்ன நடக்கும் என்று சொல்வது டாஃப் என்ற வேறோர் அறிக்கை. அளந்து சொன்னதையும் எதிர்பார்த்துச் சொன்னதையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் என்னிடம் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் காரணமாக இருக்கிறது.

நம் நாட்டில் இதை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் விமான நிலைய அலுவலகங்கள் தயாரிக்கின்றன. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை வெளியாகும்; இடையில் காற்றோ பார்வைத்தூரமோ குறிப்பிட்ட வரம்பைத் தாண்டி மாறினால், ஸ்பெசி என்ற சிறப்பு அறிக்கை வரும். காற்று, அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் கருவிகள் அளக்கின்றன. மேகத்தின் வகையையும் பார்வைத்தூரத்தையும் முடிவு செய்வதில் பயிற்சி பெற்ற பார்வையாளரின் கண்ணுக்கு இன்றும் பெரிய பங்கு உண்டு.

டிக்கெட்ல டிஆர்இசட்னு இருக்கு, ரிப்போர்ட்ல விஓடிஆர்னு இருக்கு. ரெண்டும் திருச்சிதானா?

இரண்டும் திருச்சிதான். மூன்றெழுத்துக் குறி பயணச்சீட்டுக்கும் பெட்டிக்கும் உரியது. நான்கெழுத்துக் குறி விமானப் போக்குவரத்துக்கும் வானிலைக்கும் உரியது. தென்னிந்திய நிலையங்கள் ‘விஓ’ என்று தொடங்கும்: சென்னை விஓஎம்எம், மதுரை விஓஎம்டி, கோவை விஓசிபி. தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம். ஆகவே டெல்டாவில் இருப்பவர்கள் நடைமுறையில் பார்ப்பது திருச்சியின் அறிக்கையைத்தான்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பாக்குறேன், பத்தரைன்னு போட்டிருக்கு. காலையில வந்த பழைய ரிப்போர்ட்டா?

புதியதுதான். உலகெங்கும் இந்த அறிக்கைகள் ஒரே பொது நேரத்தில் எழுதப்படுகின்றன; நேரத்தின் பின்னால் வரும் ‘இசட்’ அதைத்தான் குறிக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால் 10:30 என்பது நமக்கு மாலை 4:00. முதல் இரண்டு இலக்கங்கள் தேதி, அடுத்த நான்கும் மணியும் நிமிடமும்.

கவனிக்க வேண்டியது தேதி. பொது நேரத்தில் நாள் மாறுவது நம்முடைய விடியற்காலை 5:30 மணிக்கு. 8ஆம் தேதி அதிகாலை 4:30 மணிக்கு எழுதப்பட்ட அறிக்கை 072300இசட் என்றே இருக்கும். மூடுபனிக் காலத்தில் நமக்கு முக்கியமான நேரம் இந்த எல்லையின் இருபுறமும் விழுவதால், நேற்றையதென்று நினைத்துப் பலர் சரியான அறிக்கையை ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஒரு வரியை முழுசா எடுத்து, எது எதுன்னு சொல்லுங்களேன்.

ஆடி மாதத்துக்கு முன்பின்னாக, ஒரு ஜூலை மாலையில் இப்படி வரலாம்:

விஓடிஆர் 121030இசட் 26016ஜி28கேடி 6000 எஸ்சிடி020 பிகேஎன்090 36/22 கியூ1003 நோசிக்

நிலையம் திருச்சி; 12ஆம் தேதி, நம் நேரப்படி மாலை 4:00. காற்று 260 பாகைத் திசையிலிருந்து, அதாவது ஏறத்தாழ மேற்கிலிருந்து, சராசரியாக 16 நாட் வேகத்தில் வீசுகிறது. இடையிடையே வீச்சு 28 நாட் வரை எழுகிறது. பார்வைத்தூரம் 6000 மீட்டர். 2000 அடி உயரத்தில் சிதறிய மேகம், 9000 அடியில் வானத்தின் பெரும்பகுதியை மூடிய மேகம். வெப்பநிலை 36 பாகை செல்சியஸ், பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 22. கடல்மட்டத்துக்கு ஒப்பிட்ட அழுத்தம் 1003 ஹெக்டோபாஸ்கல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை. இந்த வரிசை மாறாது. எனவே எந்த நாட்டு அறிக்கையையும் இதே முறையில் படிக்கலாம், சில நாடுகளில் அலகுகள் மட்டும் வேறுபடும்.

260ன்னா காத்து அந்தப் பக்கம் போகுதா, அங்கேருந்து வருதா?

அங்கேயிருந்து வருகிறது. மேலைக்காற்று என்று நாம் சொல்வதும் மேற்கிலிருந்து வரும் காற்றைத்தானே, அதே வழக்குதான். வடக்கு 360, கிழக்கு 090, தெற்கு 180, மேற்கு 270. எண்கள் பத்துப் பத்தாகத் திருத்தப்பட்டிருக்கும். 00000 என்றால் காற்றில்லை. ‘விஆர்பி’ என்றால் திசை நிலையாக இல்லை. பெரும்பாலும் மிக மெல்லிய காற்றின்போது இது வரும்.

ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆகவே மேற்படி வரியில் காற்று மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர், வீச்சு சுமார் 52. முதல் எண் பத்து நிமிடச் சராசரி. அந்தச் சராசரியைவிட வீச்சு 10 நாட் அளவுக்காவது கூடினால்தான் ‘ஜி’ என்ற எழுத்து சேர்க்கப்படும். அதனால் ‘ஜி’ இல்லாத வரியைப் பார்த்துக் காற்று ஒரே சீராக வீசுகிறது என்று முடிவு கட்டக்கூடாது.

ஆடியில பிளேன் தஞ்சாவூர்ப் பக்கத்துலேருந்து இறங்குது, தையில பாத்தா வேற பக்கம். ஏன் சார்?

விமானம் காற்றை எதிர்த்தே இறங்க விரும்பும். எதிர்க்காற்று இருந்தால் தரையைத் தொடும்போது நிலத்தைச் சார்ந்த வேகம் குறையும். ஓடுபாதையில் குறைந்த தூரத்தில் நின்றுவிடலாம். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09, 27 என்ற எண்களுடன் அமைந்திருக்கிறது; அவற்றோடு ஒரு சுழியம் சேர்த்தால் திசைப் பாகை கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வேகம் பெற்று வரும் காற்று திருச்சியை மேற்கிலிருந்து அடைகிறது. அம்மியையே பறக்கவிடும் என்று சொல்லப்படும் அந்தக் காற்றை எதிர்த்து இறங்க, விமானம் கிழக்கே தஞ்சாவூர்த் திசையிலிருந்து 27ஆம் ஓடுபாதைக்கு வர வேண்டும். வடகிழக்குப் பருவக்காலத்தில் காற்று திரும்பும்போது 09 பயன்படும். காற்று மிக மெல்லியதாக இருந்தால் திசையைத் தீர்மானிப்பதில் வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ளும்.

9999ன்னு வருதே, அது ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. பார்வைத்தூரம் 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்று பொருள். அதற்குக் குறைந்தால் மீட்டரில் எழுதுவார்கள். இந்த எண் எல்லாத் திசைக்கும் பொருந்தும் உத்தரவாதம் அன்று. சுற்றியுள்ள அடிவானத்தில் பாதிக்காவது பொருந்தும் மதிப்பு. ஒரு பக்கம் மட்டும் மழைத்திரை இறங்கியிருந்தால், முதன்மை எண் நன்றாகவே இருக்கக்கூடும்.

குறைவுக்குக் காரணம் எண்ணுக்குப் பின்னால் வரும். ‘எஃப்ஜி’ என்றால் பார்வைத்தூரத்தை 1000 மீட்டருக்கும் குறைவாக்கும் மூடுபனி; ‘பிஆர்’ என்றால் 1000 முதல் 5000 மீட்டர் வரை தெரியவிடும் மென்பனி; ‘எச்இசட்’ என்றால் தூசும் உலர்ந்த துகள்களும் சேர்ந்த மங்கல்; ‘எஃப்யூ’ புகை. மழைக்கு ‘ஆர்ஏ’, இடியோடு கூடிய மழைக்கு ‘டிஎஸ்ஆர்ஏ’. முன்னால் கழித்தல் குறி இருந்தால் லேசானது, கூட்டல் குறி இருந்தால் கனமானது.

எஸ்சிடி, பிகேஎன் இதெல்லாம் மழை மேகமா?

இவை மேகத்தின் அளவைச் சொல்கின்றன, வகையை அல்ல. வானத்தை எட்டுப் பங்காகக் கொண்டால், ‘எஃப்இடபிள்யூ’ 1 முதல் 2 பங்கு, ‘எஸ்சிடி’ 3 முதல் 4, ‘பிகேஎன்’ 5 முதல் 7, ‘ஓவிசி’ எட்டும் மூடியது. உயரம் நூறடிக் கணக்கில், விமான நிலையத் தரையிலிருந்து அளக்கப்படுகிறது. வகை குறிக்கப்படுவது இரண்டு மேகங்களுக்கு மட்டுமே: ‘சிபி’ என்னும் இடிமேகம், ‘டிசியூ’ என்னும் கோபுரமாக வளரும் மேகம். சித்திரை வைகாசியில் கோடை மழையை எதிர்பார்ப்பவர்கள் தேட வேண்டியது இவ்விரண்டு குறிகளைத்தான்; எட்டுப் பங்கும் மூடிய உயர மேகத்தைவிட ஒரே பங்கு ‘சிபி’ விமானிக்குப் பெரிய செய்தி.

காவோக்கேன்னு ஒரே சொல்லோட முடிஞ்சிடுது. மேகமே இல்லைன்னு அர்த்தமா?

அப்படியல்ல. பார்வைத்தூரம் 10 கிலோமீட்டருக்குக் குறையவில்லை, 5000 அடிக்குக் கீழ் மேகமில்லை, இடிமேகமோ கோபுர மேகமோ இல்லை, மழை மூடுபனி போன்ற எதுவும் இல்லை என்ற நான்கையும் ஒரே சொல்லில் அடக்குவது அது. அருகில் மலை இருந்தால் 5000 அடி என்ற வரம்பு இன்னும் உயரும். மேலே வெண்பஞ்சு மேகம் பரவியிருந்தாலும் காவோக்கே வரலாம்.

மார்கழியில எந்த நம்பரைப் பாத்தா பனி மூடும்னு தெரியும்?

சாய்கோட்டுக்கு இருபுறமும் உள்ள எண்களை. இடப்புறம் வெப்பநிலை, வலப்புறம் பனிநிலை. காற்றை எந்த அளவுக்குக் குளிரவைத்தால் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்குமோ அந்த அளவே பனிநிலை. இரண்டும் நெருங்கினால் காற்று ஈரத்தைத் தாங்கும் எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஆனால் நெருக்கம் மட்டும் போதாது. காற்றும் அடங்க வேண்டும், வானமும் தெளிந்திருக்க வேண்டும். மேகம் போர்வையாக இருந்தால் தரை குளிராது. காற்று பலமாக இருந்தால் மேலுள்ள உலர்ந்த காற்று கீழே கலந்துவிடும்.

தண்ணீர் நிற்கும் வயல்களும் வாய்க்கால்களும் சூழ்ந்த நம் சமவெளியில் ஒரு தை மாத விடியல் எப்படிப் பதிவாகும் என்று பாருங்கள். அதிகாலை 4:30க்கு: 00000கேடி 3000 பிஆர் 21/20. 5:30க்கு: 00000கேடி 0800 எஃப்ஜி 20/20. 7:00க்கு: 0500 எஃப்ஜி 20/20. 8:30க்கு: 09004கேடி 4000 பிஆர் 24/20. சூரியன் எழுந்த உடனே பனி விலகாமல், 7 மணிக்கு மேலும் அடர்ந்திருப்பதைக் கவனியுங்கள். முதல் வெயில் தரையருகே காற்றை லேசாகக் கிளறுவதால் சில நாள் இப்படி அடர்த்தி கூடும். பிறகு வலப்புற எண் 20லேயே நிற்க, இடப்புற எண் ஏறத் தொடங்கியதும் பனி கரைகிறது.

‘எம்ஐஎஃப்ஜி’ என்ற குறியையும் அறிந்துகொள்ளுங்கள். ஆள் உயரம் கூட இல்லாமல், தரையோடு படிந்த மூடுபனி அது. மேலிருந்து செங்குத்தாகப் பார்க்கும் விமானிக்கு ஓடுபாதை பளிச்சென்று தெரியும். இறங்கி, பார்வை கிடையாகும் கடைசிக் கணங்களில் அதே பனியின் நெடுந்தூரத்தை ஊடுருவிப் பார்க்க வேண்டியிருப்பதால் விளக்குகள் மங்கும். குறைந்த உயரம் என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணக்கூடாது.

தினமும் நாலு மணிக்கு பிரஷர் குறையுது. புயல் வருதுன்னு எடுத்துக்கலாமா?

வேண்டாம். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தத்துக்கு அன்றாட ஏற்ற இறக்கம் உண்டு: காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம், அதிகாலை 4 மணியளவிலும் மாலை 4 மணியளவிலும் தாழ்வு. காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையே 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருப்பது இயல்பு. ஆகவே காலை 10 மணி எண்ணை மாலை 4 மணி எண்ணோடு ஒப்பிடுவது பயனற்றது. இன்றைய மாலை 4 மணியை நேற்றைய மாலை 4 மணியோடு ஒப்பிடுங்கள். அந்த வேறுபாட்டில்தான் செய்தி இருக்கிறது.

விமானிக்கு இந்த எண் உயரமானியைத் திருத்துவதற்கானது. தரையருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 30 அடிக்குச் சமம். அழுத்தம் 1003 ஆக இருக்கும்போது உயரமானியைப் பொதுத் தர அளவான 1013லேயே விட்டுவிட்டால், கடல்மட்டத்திலிருந்து 288 அடி உயரத்தில் உள்ள திருச்சி ஓடுபாதையில் நிற்கும் விமானம், ஏறத்தாழ 580 அடி உயரத்தில் இருப்பதாகக் காட்டும். இதனால்தான் பின்னத்தை எப்போதும் கீழ்நோக்கித் திருத்துகிறார்கள்: 1003.9 அளந்தாலும் 1003 என்றே எழுதுவார்கள். அப்போது பிழை இருந்தாலும், விமானம் காட்டும் உயரத்தைவிடச் சற்று மேலேயே இருக்கும்.

நோசிக்னு போட்டிருந்தான், அரை மணியில மழை வந்துடுச்சே?

நோசிக் என்பது மெட்டாரின் வாலில் ஒட்டிவரும் இரண்டு மணி நேர எதிர்பார்ப்பு. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன பதிவுக்குள் இருக்கும் ஒரே முன்னறிவிப்புத் துண்டு. மற்ற பகுதிகளுக்குள்ள உறுதி அதற்குக் கிடையாது. மேலும் அது குறிப்பிட்ட வரம்புகளைத் தாண்டும் மாற்றத்தைப் பற்றியே பேசுகிறது. பார்வைத்தூரத்தைக் குறைக்காத சிறு தூறல் விழுந்தால், நனைந்தவருக்கு அது மாற்றம், அறிக்கைக்கு அல்ல.

அந்த இடத்தில் ‘பெக்மிங்’ இருந்தால் நிலை மாறி அப்படியே நீடிக்கும். ‘டெம்போ’ இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மணிக்குக் குறைவாகவும், மொத்தத்தில் குறிப்பிட்ட காலத்தின் பாதிக்குக் குறைவாகவும் வந்துபோகும். டாஃபில் ‘புராப்30’ என்று கண்டால், அந்த நிலை வரும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது என்று கொள்ள வேண்டும். முப்பது பங்கு இடத்தில் பெய்யும் என்றல்ல.

கும்பகோணத்துல கொட்டித் தீக்குது, திருச்சி ரிப்போர்ட்ல ஒரு சொட்டு இல்லையே. பொய் எழுதுறாங்களா?

அறிக்கை உண்மையையே சொல்கிறது. கும்பகோணத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மெட்டாரின் எல்லை விமான நிலையமும் அதன் சுற்றுப்புறமும். ‘விசி’ என்ற குறி கூட ஏறத்தாழ 8 முதல் 16 கிலோமீட்டர் வரையுள்ள அண்டையையே குறிக்கும். தஞ்சாவூரே அதற்கு வெளியே மிகத் தொலைவில் இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கடலிலிருந்து வரும் மழைத்திரள்கள் நாகப்பட்டினத்தையும் மயிலாடுதுறையையும் நனைத்துவிட்டு, திருச்சியை எட்டுமுன் தளர்ந்துபோவது அடிக்கடி நடப்பது.

கீழ் டெல்டாவுக்குக் காரைக்காலில் உள்ள வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ராடார் படத்தைப் பாருங்கள். காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம், அதிராம்பட்டினம் ஆகிய இடங்களின் தரைப் பதிவுகளும் உண்டு. கைப்பேசிச் செயலிகள் காட்டும் ‘இப்போதைய வானிலை’ பெரும்பாலும் கணினி மாதிரியின் கணக்கு. அதுவும் மெட்டாரும் முரண்பட்டால், விமான நிலையத்தைப் பொறுத்தவரை மெட்டாரை நம்புங்கள்.

கோடை மழை வந்தப்ப பிரஷர் ஏறிடுச்சு. மழைன்னா குறையணும்தானே?

இடிமழையில் நேர்மாறாகவும் நடக்கும். வைகாசி மாலை ஒன்றில் 12006கேடி 38/21 கியூ1002 என்று இருந்த அறிக்கை, அரை மணியில் 30022ஜி36கேடி 2000 டிஎஸ்ஆர்ஏ 26/23 கியூ1005 என்று ஸ்பெசியாக மாறலாம். மழைத்துளிகள் ஆவியாகிக் குளிர்வித்த கனத்த காற்று இடிமேகத்திலிருந்து தரையில் கொட்டி, எல்லாப் பக்கமும் பரவுகிறது. அதன் எடை அழுத்தத்தை உயர்த்துகிறது. அதன் பாய்ச்சல் புழுதியைக் கிளப்பிக் கதவுகளை அறைகிறது. திசை ஒரே வீச்சில் புரள்கிறது. காற்று, வெப்பநிலை, அழுத்தம் மூன்றும் சேர்ந்து குதிப்பதே இதன் அடையாளம். இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு, மழையைவிட இந்தத் திடீர்த் திசைமாற்றமே அஞ்சத்தக்கது.

பிளேன் வட்டம் போட்டுக்கிட்டே இருந்தா வானிலைதான் காரணமா?

எப்போதும் அல்ல. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம் தலைக்கு மேல் வட்டமிட்டதை டெல்டாவில் பலரும் நினைவு வைத்திருப்பார்கள். அதன் காரணம் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைச் செலவழித்து எடையைக் குறைத்தபின் பாதுகாப்பாக இறங்கியது.

வானிலையால் காத்திருப்பது என்றால், மெட்டாரில் சான்று இருக்கும்: மூடுபனி, ‘டிஎஸ்ஆர்ஏ’, அல்லது ஓடுபாதைக்குக் குறுக்கான பலத்த வீச்சு. விமானி மெட்டாரை மட்டும் நம்பி இறங்குவதில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் அந்த நேரத்துக் காற்றைத் தனியாகச் சொல்லும். நிலைமை தேறாவிட்டால், எரிபொருள் கையிருப்பைக் கணக்கிட்டு மாற்று நிலையத்துக்குச் செல்வார். வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் மதுரை, சென்னை, பெங்களூரு அறிக்கைகளையும் சேர்த்துப் பார்த்தால், எங்கே திரும்பக்கூடும் என்பது ஓரளவு புரியும்.

நெல்லைக் காயப்போடலாமான்னு இதுல தெரிஞ்சுக்க முடியுமா?

மழைக்காக இதைப் பார்க்காதீர்கள். கும்பகோணத்துக்குச் சொன்ன பதில் உங்கள் களத்துக்கும் பொருந்தும். ஆனால் காற்றின் உலர்வை அறிய இது நல்ல துணை. ஈரப்பதம் மழையைப் போல ஊருக்கு ஊர் திட்டுத்திட்டாக மாறுவதில்லை. 34/23 என்றால் ஈரப்பதம் ஏறக்குறைய 53 விழுக்காடு, நெல் உலரும். 28/26 என்றால் 90 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது. வெளிச்சம் இருந்தாலும் நெல்லின் ஈரம் கொள்முதல் நிலையத்தின் 17 விழுக்காட்டு வரம்புக்கு எளிதில் இறங்காது. கடலோரத்தில் இருப்பவர்கள் திருச்சியைவிடத் தங்கள் பனிநிலை ஓரிரு பாகை கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கஜா மாதிரி ஒண்ணு வந்தா, திருச்சி மெட்டார்ல முன்னாடியே தெரியுமா?

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து மேற்கே நகர்ந்தது. அப்படியொரு பாதையில் புயல் மையம் திருச்சிக்குத் தெற்கே செல்லுமானால், திருச்சியில் காற்று முதலில் வடக்கிலிருந்தும், பிறகு வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என வலஞ்சுழியாகவும் திரும்ப வேண்டும். மையம் வடக்கே சென்றால் வடக்கு, வடமேற்கு, மேற்கு என்று எதிர்ப்பக்கமாகத் திரும்பும். நம் அரைக்கோளத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்ற விதியிலிருந்து இதைப் பெறலாம். அழுத்தத்தில் தேட வேண்டியது, முன்பு சொன்ன அன்றாட அலையை மீறும் போக்கு: இரவு 10 மணிக்கு ஏறியிருக்க வேண்டிய எண் ஏறாமல் இறங்கிக்கொண்டே இருந்தால், அதற்குப் பொருள் உண்டு.

இவையெல்லாம் தெரியத் தொடங்கும்போது, கரையோர ஊர்களுக்கு நேரம் ஏறத்தாழக் கடந்திருக்கும். கடலிலிருந்து வரும் புயல் திருச்சிக்கு முன்பே கோடியக்கரையையும் வேதாரண்யத்தையும் அடைந்துவிடுகிறது. அந்த ஊர்களில் இருப்பவர்கள் இந்த வரியைப் பார்த்துக் காத்திருக்கக்கூடாது. வானிலை ஆய்வுத் துறையின் புயல் அறிவிப்பையும் மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவையும் கேட்டு வெளியேற வேண்டும்.